வார்னிஷ் பூசிய வள்ளம்

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களில் யார் நிற்பார், யார் திரும்பிப் போவார் என்று சொல்வதில் எங்கள் ஒழுங்கையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. வேலைசெய்த காலம் முழுக்கக் கந்தோர் மேசையில் இருந்து சனத்தின் பொய்யையும் மெய்யையும் பார்த்தவள் என்ற தடிப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. திரும்பிப் போகிறவர்கள் நகை வாங்குவார்கள். சேலை வாங்குவார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்து அதில் தங்கள் பெயரை வெட்டுவிப்பார்கள். நிற்க வந்தவர்கள் வாங்குகிற சாமான் வேறு. மண்வெட்டிக்குப் பிடி தேடுவார்கள், நல்ல நாய்க்குட்டி ஒன்று கேட்டு அலைவார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுவார்கள். ஆகவே கனடாவில் இருந்து வந்த என் அண்ணை ஒரு பழைய பாய்வள்ளத்தை வாங்கியபோது நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று விளக்கத் தேவையில்லை.

அண்ணை என்னைவிட நன்றாக மூத்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டவர். அங்கேயே கலியாணம், அங்கேயே பிள்ளைகள், அங்கேயே வீடு. நான் அரியாலையில் அம்மாவோடு நின்றுவிட்டேன். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மா போன பிறகு வீட்டில் நான் தனி. ஓய்வு பெற்ற பிறகு இன்னும் தனி. காலையில் வானொலியைப் போட்டுவிட்டு அதோடு வாதாடிக்கொண்டிருப்பேன். கனடாவில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், காலமாகி ஒரு வருஷம் போல் கழித்து, அண்ணை வந்து இறங்கினார். வாசலில் பெட்டிகளை வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்.

"இனி இஞ்சைதான் பிள்ளை. அங்கை எனக்கு என்ன அலுவல் கிடக்கு?"

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வந்து சில கிழமைகளில் அவருக்கு வள்ளப் பைத்தியம் பிடித்தது. எங்கள் பின்வளவு முடிந்து, பனைகளைத் தாண்டி நடந்தால் கடலேரி. அங்கே போய் நின்று பார்ப்பார். இப்போது எல்லோரிடமும் இருப்பது பைபர் வள்ளமும் எஞ்சினும்தான். "பலகை வள்ளம் ஒண்டும் இல்லையோ? பாய் விரிச்சு ஓடுற வள்ளம்?" என்று காண்கிறவர்களை எல்லாம் கேட்டார். கடைசியில் கச்சாய்ப் பக்கத்தில் ஒன்று கிடக்கிறது என்று தகவல் வந்தது. நானும் கூடப் போனேன்.

கிடுகுக் கொட்டில் ஒன்றுக்குள் கிடந்தது. உள்ளுக்குள் வைக்கோல். வைக்கோலில் ஒரு கோழி அடை இருந்தது. வள்ளத்துக்குச் சொந்தக்காரி, வயிறு தள்ளிய ஒரு மனுசி, விற்பதற்குச் சம்மதம்தான், ஆனால் குஞ்சு பொரிக்கும் வரை பொறுக்கச் சொன்னாள். "இதை எடுத்தியள் எண்டா என்ரை கோழி எங்கை போய் இருக்கும்?" என்றாள். அண்ணை தலையில் கையை வைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு அந்த வள்ளத்தில் என்ன குறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

குறைக்குக் குறைவில்லை. பலகைகள் காய்ந்து, இடுக்குகளால் வெளிச்சம் தெரிந்தது. அடியில் செத்த சிப்பிகள் கல்லுப்போல் ஒட்டிக் கிடந்தன. பாய்மரத்தை உடுப்புக் கொடி கட்டப் பாவித்திருந்தார்கள். பாய் என்று ஒன்றே இல்லை. குஞ்சுகள் பொரித்த பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் பஸ்காரர் எங்களைப் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள். மரக்கறி விற்கிற மனுசி ஒருத்தி, "எங்கை அம்மா, கனடாவுக்கோ?" என்று கேட்டாள். "இல்லை, கனடாவிலை இருந்து," என்றேன். எனக்கு அன்றைக்கு வாய் நன்றாக வேலை செய்தது.

பின்வளவில் மாமரத்துக்குக் கீழே, பனங்குற்றிகள் போட்டு, வள்ளத்தை அதன்மேல் இருத்தினோம். பிறகு தொடங்கியது வேலை. கோழி எச்சத்தை நான்தான் கழுவினேன். அண்ணைக்கு மணம் ஒத்துவராது. சிப்பிகளைத் தகட்டால் சுரண்டியது நான்தான். மேலே பச்சைப் பெயின்ற், அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே ஒரு சிவப்பு, எல்லாவற்றுக்கும் கீழே தார். ஒரு சாண் பலகையைச் சுத்தமாக்க ஒரு காலை போய்விடும். என் கைகளைப் பார்த்துவிட்டு அயல்வீட்டுக்காரி, "மீன் வெட்டப் போறியளோ அக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. மத்தியானம் இரண்டுபேருக்குச் சமைப்பேன். குழம்பில் உறைப்புக் கூடிப்போச்சு என்று சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருந்தார். அதைக் கேட்கிற சுகம் தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பலகை மாற்றப் பருத்தித்துறைப் பக்கம் இருந்து ஒரு ஓடாவியைப் பிடித்தோம். வள்ளம் கட்டுகிற தச்சரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலையைவிட வாய் அதிகம் உள்ள மனிதர். தான் கட்டிய வள்ளம் ஒன்று புயலுக்குள்ளும் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை என்பார். அடுத்த நாள் அதே கதையில் வள்ளம் இன்னும் பெரிதாக இருக்கும். பழுதான பலகைகளை மாற்றி முடித்ததும், "இனிக் கலப்பத்து அடிக்கவேணும்," என்றார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, மொட்டை உளியால் தட்டித் தட்டி இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற வேலை. ஒரு இடுக்கு அடித்துக் காட்டினார். பிறகு என்னுடைய விரல்களைப் பார்த்தார்.

"அம்மாவின்ரை கை பூ கட்டுற கை. உதுக்கு அதுதான் திறம்," என்று சொல்லிவிட்டு, மாமரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சோம்பல் என்று எனக்குத் தெரியும். என்றாலும் உளியைக் கையில் எடுத்தேன்.

அதைப்போல ஒரு வேலையை நான் என் வாழ்நாளில் செய்யவில்லை. கந்தோரில் நான் செய்த எதுவும் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கோப்பு போனால் இன்னொரு கோப்பு வரும். இங்கே ஒரு இடுக்கு முடிந்தால் முடிந்ததுதான். பஞ்சைத் திரித்து, நுனியால் நுழைத்து, மெல்லமாகத் தட்டவேண்டும். கூடத் தட்டினால் பலகை வெடிக்கும், குறையத் தட்டினால் திரி வெளியே வரும். பஞ்சு போதுமென்ற இடத்தில் சத்தம் மாறும். முதலில் பொத் பொத் என்று கேட்பது டக் என்று கேட்கும். அந்த டக்கைக் கேட்பதற்காகவே விடியக் காலையில் எழும்பினேன். வள்ளத்துக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு அடிப்பேன். முகத்தில் பஞ்சும் தூசியும் விழும். ஏரா என்கிற அடிமரத்தை ஒட்டிய இடுக்குகள்தான் மிகவும் கஷ்டம். அங்கே ஒன்று சரியில்லை என்று ஓடாவி சொன்னதும், முழுவதையும் பிடுங்கிவிட்டுத் திரும்ப அடித்தேன். வள்ளத்துக்குக் கீழே கிடந்தபடி நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று பிறகு அண்ணைதான் சொன்னார். நான் பாடுகிற ஆள் இல்லை.

"நீ அடிச்ச அடிக்கு உதுக்கை ஒரு துளி வராது," என்பார் அண்ணை, கதிரையில் இருந்தபடி. "முதல் ஓட்டம் உன்னை ஏத்திக்கொண்டுதான். பூநகரிக் கரையைத் தொட்டிட்டு வருவம்."

அவர் செய்த வேலை வள்ளத்தின் மேற்பக்கம். விலா இரண்டையும் அரத்தாளால் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துப் பட்டுப்போல ஆக்கினார். பிறகு வார்னிஷ். வெளியில் மட்டும் இல்லை, உள்ளேயும் வார்னிஷ். இருக்கிற பலகைக்கு வார்னிஷ், பாய்மரத்துக்கு வார்னிஷ், சுக்கானுக்கு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சுக்கும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். ஓடாவி ஒரு நாள் வந்து வள்ளத்தைச் சுற்றி நடந்தார். குனிந்து தன் முகத்தை அதில் பார்த்தார்.

"இது வள்ளமோ, அலுமாரியோ?" என்று கேட்டார்.

அண்ணைக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. "என்ரை வள்ளத்துக்கு நான் விரும்பினதைப் பூசுவன்," என்றார். ஓடாவியும் விடவில்லை. உப்புத் தண்ணீரில் இந்த மினுக்கம் ஒரு மாரிக்கு நிற்காது, உள்ளே பூசினால் மீன் செதிலில் ஏறி விழுவதுபோல வழுக்கி விழுவீர்கள் என்று தொடங்கி, கனடாவில் கட்டில் செய்கிறவர்களைப் பற்றி ஏதோ சொல்லிமுடித்தார். பிறகு சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படலையடியில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னதுதான் அவர் கடைசியாகச் சொன்ன புத்தி.

"காஞ்ச பலகை தண்ணி குடிக்கவேணும் அம்மா. ஓடுறதுக்கு முதல் கரையிலை ஒரு கிழமை தாட்டு வையுங்கோ. பலகை ஊதி இடுக்கு தானா இறுகும். இல்லையெண்டா நீங்கள் அடிச்ச பஞ்செல்லாம் வீண்."

அதாவது, நீண்ட நாள் தரையில் கிடந்த பலகை வள்ளத்தை ஓட்டுவதற்கு முன்னால், கரையோரம் முழங்கால் அளவு தண்ணீரில் கல் ஏற்றித் தாழ்த்திவைக்க வேண்டும். எங்கள் பகுதியில் இது தெரியாதவர் இல்லை. பலகை ஊதாமல் கடலில் இறக்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் பாய்க்குத் துணி வாங்கினேன். தையல் இயந்திரத்தில் அகலம் அகலமாகப் பொருத்தித் தைத்தேன். வெறும் துணி என்றால் உப்பும் வெயிலும் தின்றுவிடும் என்று, மரப்பட்டை அவித்த சாயத்தில் பெரிய கிடாரம் வைத்துத் தோய்த்தெடுத்தேன். செம்மண் நிறத்தில் வந்தது. கொடியில் காயப்போட்டிருந்ததை அண்ணை வந்து பார்த்தார். அவர் முகம் விழுந்துபோனது.

"வெள்ளையாய் விட்டிருக்கலாமே," என்றார்.

"வெள்ளை ஒரு வருசம் நிக்காது அண்ணை."

"ஒரு வருசம் நிண்டாப் போதும்," என்றார். பிறகு, "இல்லை, பார்வைக்குச் சொல்லுறன்," என்று திருத்தினார். அன்று முழுவதும் சரியாகக் கதைக்கவில்லை. வெள்ளைப் பாய்க்கு ஆசைப்பட்டிருக்கிறார், பாவம் என்றுதான் நான் நினைத்தேன். கந்தோர் மேசை எனக்குத் தந்த மூளை அவ்வளவுதான்.

தாட்டு வைக்கிற கதையை நான் எடுக்கும்போதெல்லாம் அவர் நாளைக் கடத்தினார். முதலில் பொங்கல் முடியட்டும் என்றார். பிறகு, வாடைக்காற்று விழட்டும். பிறகு தூக்க ஆட்கள் இல்லை. கடலேரிக்குப் போகிற பெடியன்கள் ஆறுபேர் நான் கேட்டவுடன் வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சோடா கொடுத்து, நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார். பஞ்சாங்கத்தைத் திறந்து பார்க்காத மனிதர், அன்றைக்கு நாள் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது, சந்தேகம் வரவில்லை. இரண்டும் வேறு வேறு என்று இப்போது தெரிகிறது.

அண்ணை பட்டணத்துக்கு வங்கிக்குப் போன ஒரு காலையில், வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. நல்ல உடுப்புப் போட்ட இரண்டு இளைஞர்கள். வள்ளத்தை அளக்க வந்தோம் என்றார்கள். பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீளம் பார்த்தார்கள், அகலம் பார்த்தார்கள். ஒருவன் குனிந்து அடியில் தட்டிப் பார்த்தான்.

"அடிப்பலகை எவ்வளவு தடிப்பு அம்மா?"

"ஏன் தம்பி?"

"சும்மா கேட்டனான். லொறி இந்தப் பக்கத்தாலை வருமோ? தூக்கிற கிறேன் வாறதெண்டா மாங்கொப்பு ஒண்டு வெட்டவேண்டி வரும். முன்னாலை புல்லுத்தரையிலை வைக்கிறதுக்கு சீமெந்துக் கட்டை கட்டியாச்சு. ஐயா படம் அனுப்பினவர், ஆனா நேரிலை பாக்க இன்னும் வடிவு. எங்கடை கொட்டேலிலை வந்து தங்கிறவையெல்லாம் இதிலை நிண்டுதான் படம் எடுப்பினம்."

மற்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டான்.

"சொன்னவர், சொன்னவர்," என்றேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அந்நியப் பிள்ளைகளுக்கு முன்னால் என் அண்ணையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணியும் கொடுத்து, பலகாரமும் கொடுத்து அனுப்பினேன். பிறகு வந்து வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஓட நினைக்காத வள்ளத்தைத்தான் ஒருவர் நனைக்கப் பயப்படுவார். ஆறு மாதமாக என் கண்ணுக்கு முன்னால் கிடந்த விஷயம். அப்போதுதான் கோபம் வந்தது. வள்ளம் போகிறதே என்று இல்லை. வள்ளம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது வீட்டில் ஒரு ஆள். வள்ளம் போனால் அந்த ஆளும் போகப்போகிறார் என்றுதான் அர்த்தம்.

அண்ணை கையில் ஒரு பை முந்திரிகைப் பழத்தோடு வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று வாங்கியிருக்கிறார். நான் பின்வளவிலேயே நின்றேன்.

"வள்ளம் எப்ப போகுது?" என்று கேட்டேன்.

அவர் பையைக் கதிரையில் வைத்தார். "வாற கிழமை," என்றார்.

"நீங்கள்?"

மாமரத்தைப் பார்த்துச் சொன்னார். "அதுக்குப் பிறகு."

நான் கத்தினேன். எங்கள் ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். என் தலையில் மிளகாய் அரைக்கத்தான் கனடாவில் இருந்து வந்தீர்களோ என்று கேட்டேன். கொட்டேல் புல்லில் வைக்கத்தான் நான் சிப்பி சுரண்டினேனோ என்று கேட்டேன். கொட்டேல்காரர் தன்னோடு கனடாவில் வேலை செய்த சிநேகிதர் என்றார். மகளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கப்போகிறது, பார்க்க ஆள் இல்லை என்றார். முழங்காலுக்கு அங்கேதான் வைத்தியம் என்றார். கடைசியாகச் சொன்னார்.

"மனம் மாறியிட்டுது பிள்ளை. வரேக்கை நிக்கத்தான் வந்தனான். கோயிலடியிலை நிண்டும் சொல்லுவன்."

அதை நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? மனம் மாறுவது யாருக்கும் நடக்கிறதுதான். மச்சாள் இல்லாத வீட்டில் இருக்க ஏலாமல் ஓடிவந்தவர், பிள்ளைகள் இல்லாத ஊரில் இருக்க ஏலாமல் திரும்பிப் போகிறார். கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு ஒன்று கேட்டேன்.

"போகமுதல் ஒருக்காத் தண்ணியிலை விடுவம் அண்ணை. தாட்டு வைக்கத் தேவையில்லை. கரையோரம் மிதந்தாக் காணும். நான் அடிச்ச அடி தண்ணி பிடிக்குதோ எண்டு பாக்கிறன்."

அவர் வள்ளத்தைத் தடவினார். "வார்னிஷ் பழுதாப் போயிடும்," என்றார்.

லொறி வந்த அன்று நான் வெளியே போகவில்லை. குசினிக்குள் இருந்து கொப்பு முறிகிற சத்தத்தைக் கேட்டேன். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அண்ணை பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். அதற்குக் கொஞ்ச நாளால் அவரும் போனார். வாசலில் வானுக்குள் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "குறை நினையாதை பிள்ளை," என்றார். "போட்டு வாங்கோ," என்றேன்.

அதற்குப் பிறகு ஊரார் கேட்டார்கள். கேட்காமல் விடுவார்களோ? வந்தவர் எங்கே, வள்ளம் எங்கே என்று சந்தையில் வைத்துக்கூடக் கேட்டார்கள். அயல்வீட்டுக்காரி, "முதலே போற எண்ணத்தோடைதான் வந்திருப்பார்," என்றாள். அவளோடு நான் ஒரு மாதம் கதைக்கவில்லை. நிற்கத்தான் வந்தவர், மனம் மாறிவிட்டது என்று எல்லோருக்கும் கிளிப்பிள்ளைபோலச் சொன்னேன். எனக்கு அது தேவைப்பட்டது. போனது போகட்டும், வந்தபோது இருந்த எண்ணம் உண்மை. சப்பாத்தைக் கழற்றியபடி சொன்ன சொல் உண்மை. வள்ளத்துக்குக் கீழே நான் கிடந்த அந்த மாதங்களில், மேலே அரத்தாள் தேய்த்த மனிதர் என்னோடு இருக்கப்போகிறவராகத்தான் இருந்தார். இதைப் பிடித்துக்கொண்டு என்னால் இருக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசி எடுக்கும்போது நன்றாகவே கதைத்தேன். பேரனின் படங்களைப் பார்த்து யாரைப்போல என்று சொல்லக்கூடச் செய்தேன்.

மாரி தொடங்கிய நேரம், என்னோடு வேலை செய்த ஒருவரின் மகளுக்கு அந்தக் கொட்டேலில் கலியாண வரவேற்பு வைத்தார்கள். போகாமல் விட நினைத்தேன், பிறகு ரோஷம் வந்து பட்டுச்சேலையும் உடுத்திக்கொண்டு போனேன். பின்னேரம் மழை பெய்து விட்டிருந்தது. வள்ளம் புல்லுக்கு நடுவில், சீமெந்துக் கட்டைகளுக்குமேல் நின்றது. வெள்ளைப் பாய். பாய்மரத்தில் மின்குமிழ் மாலை. உள்ளே சாடிகளில் பூக்கன்றுகள். பொம்பிளையும் மாப்பிள்ளையும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அவர்கள் போன பிறகு கிட்டப் போனேன். கீழே தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. என் கலப்பத்து விட்டுவிட்டதோ என்று பயந்தேன். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து குனிந்து பார்த்தேன். கலப்பத்து விடவில்லை. இடுக்குகள் நான் அடித்தபடியே இருந்தன. அடிமரத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக, பெருவிரல் நுழைகிற அளவில், ஓட்டைகள் துளைத்திருந்தார்கள். திரும்பப் பிடுங்கி அடித்தேன் என்று சொன்னேனே, அந்த இடுக்குகளின் மேலேயே துளைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையாலும் மழைத்தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டையின் ஓரத்தில் என் பஞ்சு தொங்கியது.

கொட்டேல்காரரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அறிவில்லாத கூட்டம், கேட்டுக் கேள்வி இல்லாமல் துளைத்துவிட்டார்கள் என்று அடுத்த ஞாயிறு அண்ணைக்குச் சொல்லக் காத்திருந்தேன். எனக்காக அவர் கோபப்படுவார் என்று ஒரு ஆசை. அவர் தொலைபேசியில் வந்ததும், சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல் தொடங்கினேன்.

"வள்ளத்தைப் போய்ப் பாத்தனான். அடியெல்லாம் ஓட்டை போட்டு வைச்சிருக்கினம் அண்ணை."

"ஓம் ஓம், அது நான் சொல்லித்தான்," என்றார் அண்ணை. பேரன் மடியில் இருந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "மழைத்தண்ணி உள்ளுக்கை நிண்டா பலகை உக்கிப்போகுமெல்லே. வெளியாலை போக வழி வேணும்."

"எப்ப சொன்னனீங்கள்?"

"அது முதலே கதைச்சதுதானே. கச்சாயிலை பாத்துக்கொண்டு வந்த கையோடையே கொட்டேல்காரருக்குச் சொன்னனான், அடியைத் துளைச்சுப்போட்டு வையுங்கோ எண்டு."

தான் என்ன சொன்னார் என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த நேரம் கச்சாயில் கோழி இன்னும் அடையில் இருந்தது. நான் ஒரு சிப்பிகூடச் சுரண்டவில்லை. ஓடாவி எங்கள் படலையைக் கண்டிருக்கவில்லை.

"அப்ப நான் பஞ்சு அடிக்கேக்கை," என்றேன்.

அங்கே பேரன் தட்டுவது நின்றது. யாரோ பிள்ளையை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அண்ணை செருமினார்.

"உனக்கு அந்த வேலையிலை நல்ல சந்தோசமா இருந்தது பிள்ளை. கீழை கிடந்து பாட்டெல்லாம் பாடினனீ. ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

நான் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அதற்குள்ளே அவர் என்னைக் கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்தது அந்த மாதங்கள் மட்டும்தான், அவர் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.